அயர்லாந்து ஏழைகளின் பெயரை யார் எழுதிவைத்தார்கள்?

அயர்லாந்தில் பூர்வீகம் தேடத் தொடங்குகிற எவரும் சீக்கிரமே கேட்டுவிடுகிற ஒரு வாக்கியம் உண்டு: "எல்லாம் 1922-லேயே எரிந்துபோய்விட்டது." அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் பேரன் பேத்திகள் பலர் அதைக் கேட்டதுமே தேடலைக் கைவிட்டுவிடுகிறார்கள். தீப்பிடித்தது உண்மை, இழப்பும் கொடியது. ஆனால் தேடப்படுகிறவர் ஒரு விவசாயக் கூலியாகவோ, வீட்டு வேலைக்காரியாகவோ, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவராகவோ இருந்தால், அவர் பெயர் கிடைக்காமல் போவதற்குத் தீயைவிடப் பெரிய காரணங்கள் இருக்கின்றன. அவை புரிந்தால்தான் மிச்சம் இருப்பதை எங்கே தேடுவது என்பதும் புரியும்.

டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகத்தில் அயர்லாந்தின் பொது ஆவணக் காப்பகம் இருந்தது. உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் அந்த வளாகத்தின் மீது பீரங்கித் தாக்குதல் நடந்தது. 1922 ஜூன் 30 அன்று பெரும் வெடிப்பு ஏற்பட்டு ஆவணக் கிடங்கு எரிந்தது. கருகிய தாள்கள் காற்றில் பறந்து நகரெங்கும் விழுந்தன. 1821, 1831, 1841, 1851 ஆகிய ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள், அங்கங்கே சில துண்டுகள் தவிர, அன்று அழிந்தன. உயில்கள் போயின. அரசுத் திருச்சபையாக இருந்த அயர்லாந்துச் சபை தன் பங்குகளில், அதாவது ஒவ்வொரு கோயில் வட்டாரத்திலும், வைத்திருந்த பதிவேடுகளில் பாதிக்கும் மேல் போயின.

ஆனால் 1861, 1871 கணக்கெடுப்புத் தாள்கள் அந்தத் தீயில் எரியவில்லை. எண்ணிக்கையைக் கூட்டி முடித்ததும் அரசே அவற்றை அழிக்கச் சொல்லிவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. குண்டு விழுந்த நாளில் அந்த நான்கும் அங்கே இல்லவே இல்லை.

அப்புறம் உயில்கள். ஒரு கூலிக்காரருக்கு எழுதிவைக்க என்ன இருந்திருக்கும்? எரிந்த பதிவேடுகளும் புரொட்டஸ்டண்ட் பதிவேடுகள்தான். அயர்லாந்துச் சபை அரசோடு பிணைந்திருந்ததால் அதன் பழைய பதிவேடுகள் பொது ஆவணமாகக் கருதப்பட்டு டப்ளினுக்கு வந்தன. பெரும்பாலான கூலிகள் கத்தோலிக்கர்கள். அவர்களுடைய ஞானஸ்நானப் பதிவேடுகள் பங்குத்தந்தையின் வீட்டு அலமாரியிலேயே இருந்தன, அதனால் தப்பின. ஆக, ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு 1922-ல் நேர்ந்த உண்மையான இழப்பு 1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்கெடுப்புகள்தான். மற்ற வெற்றிடங்களில் பெரும்பகுதி, அவர்களை யாரும் எழுதவே இல்லை என்பதால் வந்தவை.

1840-களின் பெரும் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்கு முந்தைய அயர்லாந்தில் கீழ்த்தட்டுக் குடும்பம் ஒன்று எப்படி வாழ்ந்தது என்று பார்த்தால் இது விளங்கும். ஒரு விவசாயியிடம் ஒரு சீசனுக்கு மட்டும் உருளைக்கிழங்கு போட ஒரு துண்டு நிலம் வாங்கிக்கொள்வார்கள். இதற்குக் கோனேக்கர் என்று பெயர். வாடகையைப் பல நேரம் உழைப்பாகவே கழித்தார்கள். பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. அந்த விவசாயியே ஒரு பெரிய குத்தகைதாரரின் உள்குத்தகைதாரராக இருப்பார், அவருக்கு மேல் ஓர் இடைத்தரகர், அவருக்கும் மேல் நில உடைமையாளர். எஸ்டேட்டின் வாடகைப் புத்தகத்தில் மேல்படியில் இருப்பவர் பெயர்தான் ஏறும். கீழே மண்சுவர் வைத்த ஒற்றை அறைக் குடிசையில் இருந்தவர் அந்தப் புத்தகத்தைப் பொறுத்தவரை இல்லாதவர். 1823 தொடங்கி 1830-களின் கடைசி வரை அயர்லாந்துச் சபைக்கான வரியைக் கணக்கிட்ட தசமபாகப் புத்தகங்களும் விளைநிலம் வைத்திருந்தவர்களை மட்டுமே எழுதின.

1841-ல் இப்படிப்பட்ட ஒற்றை அறை மண்குடிசைகள் ஏறத்தாழ 4,91,000 இருந்தன. 1851-ல் எண்ணியபோது ஏறத்தாழ 1,36,000. நடுவில் பஞ்சம் வந்துபோனது. அந்தப் பத்தாண்டில் நாட்டின் மக்கள்தொகை சுமார் 82 லட்சத்திலிருந்து 65 லட்சத்துக்கு இறங்கியது. இதில் ஒரு சட்டத்துக்குத் தனிப் பங்கு உண்டு. 1847-ல் கொண்டுவந்த கிரெகரி பிரிவு, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு அரசு நிவாரணம் கிடையாது என்றது. பசியில் கிடந்த குடும்பங்கள் கஞ்சிக்காக நிலத்தை விட்டுக்கொடுத்தன. அதே ஆண்டில்தான் வரிக்காக ரிச்சர்டு கிரிஃபித் எடுத்த நில மதிப்பீடு அச்சாகத் தொடங்கி, மாவட்டம் மாவட்டமாக 1864 வரை வெளிவந்தது. இன்று அயர்லாந்துப் பூர்வீகத் தேடலின் முதுகெலும்பு அந்த மதிப்பீடுதான். தாத்தாவின் தகப்பனார் அதில் இல்லையென்றால், அவர் வேறு ஊர்க்காரர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மதிப்பீட்டு ஆள் வருவதற்கு ஓரிரு ஆண்டு முன்புதான் அவர் அந்தத் துண்டு நிலத்தை இழந்திருக்கலாம்.

அதனால் தேடலைத் தொடங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, "இந்த மனிதரின் பெயரை எழுத யாருக்கு என்ன தேவை இருந்தது?" என்பதுதான். ஏழையை ஆவணத்துக்குள் கொண்டுவந்தவர்கள் பாதிரியார், வரிக்காரர், போலீஸ்காரர், நிவாரண அதிகாரி, பட்டாளத்துக்கு ஆள் எடுப்பவர், வெளிநாட்டு வங்கிக் குமாஸ்தா. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதை மட்டும்தான் எழுதினார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஓர் இடப்பெயர் வேண்டும். கவுண்டி, அதாவது மாவட்டத்தின், பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப்பிரிவு டவுன்லேண்ட். 60,000-க்கும் மேல் இருக்கின்றன, சிலவற்றில் விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகள்தான். அந்தப் பெயர் கிடைத்தால்தான் எந்தப் பங்கு, எந்தப் பதிவேடு என்று தெரியும். குடும்பக் கதைகளில் வரும் ஊரையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. "நாங்கள் கார்க்" என்று சொல்கிற அமெரிக்கக் குடும்பங்களில் சில, கார்க் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள் மட்டுமே.

பங்குப் பதிவேட்டுக்கு வருவோம். அயர்லாந்தின் தேசிய நூலகம் 1950-களிலிருந்து பங்கு பங்காகப் போய், 1880 வரையிலான கத்தோலிக்கப் பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் எடுத்தது. 2015 ஜூலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் பக்கங்களை, 3,70,000-க்கும் அதிகமான படங்களாக, இலவசமாக இணையத்தில் போட்டது. பக்கத்தைத் திறந்தால் முதலில் கண் கூசும். மங்கிய மை, ஈரத்தில் ஊறிய ஓரம், அவசரக் கையெழுத்து. பல இடங்களில் லத்தீன்: ஜேம்ஸ் அங்கே யாகோபுஸ், வில்லியம் குலியெல்முஸ். ஒரு ஞானஸ்நானம் ஒரே வரிதான். தேதி, குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், தாயின் பெயர், குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்கும் இரண்டு ஞானப்பெற்றோர், சில பாதிரியார்கள் எழுதினால் டவுன்லேண்டின் பெயரும் ஒரு ஷில்லிங்கோ அரையோ காணிக்கையும்.

அந்த வரியில் இரண்டு விஷயம் விலைமதிப்பில்லாதவை. தாய்க்குப் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரையே எழுதினார்கள். இங்கிலாந்தின் பதிவேடுகளில் பொதுவாக இது கிடைக்காது. அப்புறம் ஞானப்பெற்றோர். அவர்கள் பெரும்பாலும் தாயின் தங்கை, தகப்பனின் அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர். ஒரே குடும்பத்தின் ஏழு எட்டு ஞானஸ்நானங்களை வரிசையாக எழுதி ஞானப்பெற்றோர் பெயர்களைப் பக்கத்தில் போட்டுப் பார்த்தால், முந்தைய தலைமுறையின் உடன்பிறந்தவர்கள் கூட்டமாக நிற்பார்கள். மேற்குக் கார்க்கில் ஒரே பங்கில் ஐந்து ஜான் சல்லிவன்கள் இருப்பது சாதாரணம். அவர்களைப் பிரித்துக் காட்டுவது மனைவியின் குடும்பப்பெயரும் ஞானப்பெற்றோரும்தான். பெயர் வைக்கும் வழக்கமும் கைகொடுக்கும். முதல் மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர், இரண்டாவது மகனுக்குத் தாயின் தகப்பன் பெயர். இது பரவலான வழக்கமே தவிர விதி அல்ல. இதை வைத்து ஊகிக்கலாம், முடிவு கட்டக் கூடாது.

குறைகளும் உண்டு. திருமண வரியில் மணமக்களும் சாட்சிகளும் இருப்பார்கள், பெற்றோர் பெயர் பெரும்பாலும் இராது. அடக்கத்தைப் பல பங்குகளில் எழுதவே இல்லை. பஞ்சத்தில் செத்தவர்கள் இவ்வளவு பேர் பெயர் இல்லாமல் போனதற்கு இது முக்கியமான காரணம். 1847-ன் பக்கங்களில் ஞானஸ்நானங்கள் மெலிந்துபோவதை மட்டும் பார்க்கலாம்.

1864 ஜனவரி 1 முதல் பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாவற்றையும் அரசு பதிவு செய்யத் தொடங்கியது. கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணங்கள் மட்டும் 1845-லிருந்தே பதிவாயின. இன்று 100 ஆண்டு கடந்த பிறப்புகள், 75 ஆண்டு கடந்த திருமணங்கள், 50 ஆண்டு கடந்த இறப்புகளின் பக்கங்களை அயர்லாந்து அரசின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இவ்வளவு தாராளமாகத் திறந்துவைத்த நாடுகள் குறைவு. திருமணப் பதிவில் இரு தகப்பன்மாரின் பெயரும் தொழிலும் இருக்கும். "கூலி" என்ற ஒரே சொல் தலைமுறை தலைமுறையாகத் திரும்ப வருவதை அங்கேதான் காண்கிறோம். பிறப்புப் பதிவின் கடைசிக் கட்டங்களில் தகவல் சொன்னவர் பெயர் இருக்கும். எழுதத் தெரியாத தாய் அங்கே ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார். அந்தப் பெண் இந்த உலகத்தில் தன் கையால் விட்டுப்போன ஒரே அடையாளம் அதுவாகவே இருக்கலாம்.

தேதிகளில் மட்டும் கவனம் வேண்டும். தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்பதால் பலர் பிறந்த தேதியையே தள்ளிச் சொன்னார்கள். பிறப்பதற்கு மூன்று வாரம் முன்பே ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகள் ஆவணங்களில் ஏராளம். அப்படி வந்தால் கோயில் பதிவேட்டை நம்புவதே சரி.

இனி கிரிஃபித் மதிப்பீட்டை நெருங்கிப் படிப்போம். அதில் குடும்ப விவரம் இல்லை, வீட்டை வைத்திருப்பவர் பெயர் மட்டும்தான். ஆனால் இடது ஓரத்தில் வரைபட எண் ஒன்று இருக்கும். விவசாயியின் நிலத்துக்கு 5 என்று எண் போட்டு, அதிலுள்ள வீடுகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்து கொடுத்திருப்பார்கள். 5ஏ விவசாயியின் வீடு. 5பி என்று ஒரு வீடு, நிலம் எதுவும் இல்லை, ஆண்டு மதிப்பு 5 ஷில்லிங், வாடகைக்கு விட்டவர் என்ற இடத்தில் அதே விவசாயியின் பெயர். அந்த 5பி-யில் இருப்பவர்தான் கூலிக்காரர். அவர் யாருக்கு உழைத்தார், எந்த வயல் ஓரத்தில் குடியிருந்தார் என்பது வரை அந்த ஒற்றை வரியிலிருந்து ஊகிக்கலாம். வரைபடத்தோடு சேர்த்துப் பார்த்தால் அந்த இடத்தில் போய் நிற்கவும் முடியும். ஒரே பெயரில் பலர் இருந்தால் தகப்பன் பெயரையோ பட்டப்பெயரையோ பக்கத்தில் சேர்த்திருப்பார்கள். பின்னாளில் ஆள் மாற மாற, திருத்தப் புத்தகங்களில் பழைய பெயரை அடித்துப் புதிய பெயரை வேறு நிற மையில் எழுதினார்கள். ஒரு பெயர் அடிபட்ட ஆண்டு என்பது ஒரு சாவு, ஒரு வெளியேற்றம், அல்லது ஒரு கப்பல் பயணம். சில வரிகளில் "வீடு இடிந்தது" என்று மட்டும் குறிப்பு இருக்கும். இந்தப் புத்தகங்களை நிறையப் பேர் தொடுவதே இல்லை. என் கருத்தில், அச்சான மதிப்பீட்டைவிட இவை மதிப்பு மிக்கவை.

நகரத்து ஏழைக்கு இது அவ்வளவாக உதவாது. டப்ளினின் பழைய பிரபுக்கள் வீடுகள் அறை அறையாக வாடகைக்குப் போயின. மதிப்பீட்டில் அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு வரிதான் இருக்கும், உள்ளே எத்தனை குடும்பம் என்பது தெரியாது. ஹென்ரியெட்டா தெருவின் 14-ஆம் எண் வீட்டில் 1911-ல் சுமார் 100 பேர் இருந்தார்கள் என்பது நமக்குத் தெரிவதே அந்த ஆண்டின் கணக்கெடுப்புத் தாள் பிழைத்ததால்தான்.

ஏழைகள் சட்டம் 1838-ல் வந்தது. நாட்டை 130 யூனியன்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் வொர்க்ஹவுஸ் என்ற நிவாரண விடுதியைக் கட்டினார்கள். சேர்க்கைப் பதிவேட்டில் வயது, தொழில், மதம், ஊர், வந்தபோது உடுத்தியிருந்த துணியின் நிலை வரை எழுதும் கட்டங்கள் இருந்தன. டப்ளினின் வடக்கு, தெற்கு யூனியன் பதிவேடுகள் நன்றாகப் பிழைத்திருக்கின்றன. கிராமப்புறத்தில் பல யூனியன்களுக்குக் கூட்டக் குறிப்பேடுகள்தான் மிச்சம். அவற்றில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்ற எண்கள் இருக்கும், பெயர்கள் அபூர்வம்.

நீதிமன்றப் புத்தகங்களைச் சிலர் கூச்சத்தால் ஒதுக்குகிறார்கள். ஒதுக்கவே கூடாது. சிறுவழக்கு மன்றங்களில் நின்றவர்கள் பெரும்பாலும் குற்றவாளிகள் அல்ல. கழுதை ரோட்டில் திரிந்தது, குடித்துவிட்டுச் சத்தம் போட்டது, கூலி பாக்கி, வேலையை விட்டு நடுவில் போனது என்று வழக்குகள். 1866 முதல் நாய் வளர்க்க உரிமம் வேண்டும் என்றானது. அதனால் வேறெங்கும் பெயர் இல்லாத ஒரு குடிசைவாசி, நாயின் நிறத்தோடு நாய் உரிமப் புத்தகத்தில் இருப்பார். சிறைப் பதிவேடுகள் இன்னும் ஒரு படி மேலே போகும். உயரம், முடியின் நிறம், கண்ணின் நிறம், பிறந்த ஊர், படிக்கத் தெரியுமா என்பதெல்லாம் உண்டு. புகைப்படம் எடுக்க வழியில்லாத குடும்பத்துக்கு ஓர் ஆளின் உருவத்தைச் சொல்லும் ஒரே ஆவணம் பல நேரம் சிறைக் குமாஸ்தா எழுதியதுதான்.

1922-க்கு முந்தைய கணக்கெடுப்புகளில் முழுதாகப் பிழைத்தவை 1901, 1911 இரண்டும்தான், இரண்டும் இலவசம். 1911-ல் திருமணமான பெண்ணிடம் எத்தனை குழந்தைகள் உயிரோடு பிறந்தன, எத்தனை இப்போது இருக்கின்றன என்று கேட்டார்கள். "11" என்றும் "5" என்றும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் சட்டென்று அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. அந்த ஆறு பேரையும் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளில் ஒவ்வொருவராகத் தேடி எடுக்கலாம்.

இந்த இரண்டு கணக்கெடுப்புகளையும் ஒப்பிட்டால் பலருக்குப் பத்தாண்டில் பதினைந்து வயது கூடியிருக்கும். காரணம் முதியோர் ஓய்வூதியம். 1909 ஜனவரி முதல், 70 வயது நிரம்பிய ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கிடைத்தது. 1839-க்கு முன் பிறந்தவர் வயதை எதை வைத்து நிரூபிப்பார்? பிறப்புப் பதிவே 1864-ல்தானே தொடங்கியது. 1839 ஜனவரி 6 அன்று ராத்திரி அயர்லாந்தைப் பெரும் புயல் தாக்கியது. "பெருங்காற்று அடித்த ராத்திரி எனக்கு நினைவிருக்கிறது" என்பதே பல முதியவர்களின் சாட்சியமாக இருந்தது. ஆவணம் கேட்ட இடங்களில், 1841, 1851 கணக்கெடுப்புத் தாள்களில் தங்கள் குடும்பத்தைத் தேடித் தரும்படி மனுப் போட்டார்கள். தேடல் படிவத்தில் பெற்றோர் பெயர், டவுன்லேண்ட், பங்கு எல்லாம் எழுத வேண்டும். அதிகாரி தாள்களில் தேடி, கிடைத்ததை அதிலேயே குறிப்பார். பின்னால் மூலத் தாள்கள் எரிந்துபோயின. படிவங்கள் எரியவில்லை. எரிந்த கணக்கெடுப்பின் சில வரிகள் இன்று நம்மிடம் இருப்பது அந்த மனுக்களால்தான். கேட்டவர்கள் எல்லாரும் 5 ஷில்லிங் தேவைப்பட்ட ஏழைகள் என்பதால், இங்கே மட்டும் கூலிக் குடும்பங்களுக்கு முன்வரிசை.

அயர்லாந்துக்குள் கிடைக்காதது கடலுக்கு அப்பால் கிடைப்பதும் உண்டு. பாஸ்டனின் பைலட் பத்திரிகை 1831 முதல் 1921 வரை காணாமல்போன உறவினரைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. தம்பியைத் தேடும் அக்கா, ஊர், பங்கு, கப்பல் ஏறிய ஆண்டு எல்லாவற்றையும் அதில் சொல்லியிருப்பார். நியூயார்க்கில் 1850-ல் தொடங்கிய எமிக்ரன்ட் சேவிங்ஸ் வங்கி, கையெழுத்துப் போடத் தெரியாத வாடிக்கையாளரை அடையாளம் காணப் பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர் விவரங்களைக் கேட்டு எழுதிவைத்தது. வீட்டு வேலைக்காரி சேமித்த சில டாலர்களின் பொருட்டு, முழுக் குடும்பமும் அந்தப் பேரேட்டில் ஏறியது.

வெளிநாட்டில் பெயர் கிடைத்தாலும் ஆள் அவர்தானா என்பது வேறு கேள்வி. 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையம் திறந்தபோது முதலில் பதிவானவர் கார்க்கிலிருந்து இரண்டு தம்பிகளோடு வந்த ஆனி மூர் என்ற இளம்பெண். டெக்சாஸில் இறந்த ஓர் ஆனி மூர்தான் அவர் என்று பல ஆண்டுகள் உலகமே நம்பியது. அந்தப் பெண் இல்லினாய்ஸில் பிறந்தவர் என்பதை ஆய்வாளர் மேகன் ஸ்மோலென்யாக் கண்டுபிடித்தார். தம்பி பிலிப்பின் தடத்தைப் பிடித்துப் போய், உண்மையான ஆனி நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பிலேயே வாழ்ந்து 1924-ல் இறந்து, கல்லறைக்கல் இல்லாமல் புதைக்கப்பட்டதை 2006-ல் வெளிக்கொண்டுவந்தார். தேடும் ஆளை விட்டுவிட்டு உடன்பிறந்தவரைப் பின்தொடர்வது எவ்வளவு பலன் தரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சில தடங்கள் நம் பக்கமும் வருகின்றன. வேலை இல்லாத அயர்லாந்து இளைஞர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி பெருமளவில் பட்டாளத்துக்கு எடுத்தது. மதராஸ் ஐரோப்பிய ரெஜிமெண்ட் பல பெயர் மாற்றங்களுக்குப் பிறகு 1881-ல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் பட்டாலியனாக ஆனது. கம்பெனியின் ஆள்சேர்ப்புப் பட்டியல்களில் பிறந்த ஊரும் பழைய தொழிலும் இருக்கும். மதராஸ் மாகாணத்துத் தேவாலயங்களிலிருந்து லண்டனுக்கு அனுப்பிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பிரதிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அயர்லாந்தில் எங்கும் சாவுப் பதிவு கிடைக்காத ஒரு மகன், இந்தப் பிரதிகளில் இருக்க வாய்ப்புண்டு.

எரிந்துபோன காப்பகத்தை டிஜிட்டலில் மீட்டுக் கட்டும் வேலையை டப்ளின் டிரினிட்டி கல்லூரி முன்னின்று நடத்துகிறது. தீக்கு முன், 1919-ல், காப்பகத்தின் அதிகாரி ஹெர்பர்ட் வுட் வெளியிட்ட வழிகாட்டி நூலை வைத்து, எது எங்கே பிரதியாகத் தப்பியிருக்கிறது என்று தேடிச் சேர்த்து 2022 ஜூனில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மகத்தான வேலை அது. ஆனாலும் பிரதி எடுக்கப்பட்டவை அதிகமும் நிலம், பட்டம், அரசாங்கம் சார்ந்தவை. மேற்குக் கடற்கரைப் பங்குகள் பலவற்றில் பதிவேடே 1830-களிலோ 1840-களிலோதான் தொடங்குகிறது. அங்கே முதல் பக்கத்தில் கல்யாணமான பெண்ணின் பெற்றோர் பெயரை அந்தப் பாதிரியார் எழுதவில்லை என்றால், அந்தக் குடும்பத்தின் எழுத்து வரலாறு அந்தக் கல்யாணத்தோடுதான் தொடங்குகிறது.